கொதிக்கும் தொட்டியும் ஆறு ரப்பர் தட்டுகளும்

இப்படியொரு கட்டுரையை எழுதுகிறவர் வழக்கமாக ஓய்வு பெற்றவராக இருப்பார். முப்பத்தைந்து ஆண்டு அனுபவமும், பிரிவுபசார விழாவில் கிடைத்த சுவர்க்கடிகாரமும் அவரிடம் இருக்கும். எனக்கு வயது இருபத்தாறு. கடிகாரம் கிடைக்கவில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒப்பந்தக் கணினி உதவியாளராக இருந்தேன். சென்ற மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. ஒப்பந்த ஊழியருக்கு அதுவே ஓய்வு. ஆகவே, என் நாற்காலியிலும் பக்கத்து நாற்காலியிலும் புதிதாக வந்து அமர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் நாலு வார்த்தை சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டதாகவே கொள்கிறேன்.

தபால்வழியில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டே இந்த வேலைக்கு வந்தவள் நான். சேர்ந்த அன்று, மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, இங்கே தமிழுக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று நினைத்தேன். தமிழுக்கு அங்கே நிறைய வேலை இருந்தது. அது செய்த கேட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிலையம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வேறு யாராவது படித்தால் அவர்களுக்கு இவ்வளவு போதும்: கோவில்பட்டியிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம், தீப்பெட்டி ஆபீஸ் என்று இங்கே சொல்லும் தொழிற்சாலைகளைத் தாண்டி, கரிசல் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர். மழைக்காலத்தில் மண் உப்பி நம் அலுவலகக் கதவு மூடாது. கோடையில் மண் வெடித்து அதே கதவு திறக்காது. சித்திரைக்கும் ஐப்பசிக்கும் நடுவில் ஒழுங்காக இயங்குவது அந்தக் கதவு ஒன்றுதான்.

ஊரின் அழுக்கை நாம் சுத்தம் செய்வதாக வெளியே பலகை சொல்கிறது. உண்மையில் அதைச் செய்கிறவை தொட்டிக்குள் இருக்கும் கிருமிகள். அவை தின்னும், நாம் பார்த்துக்கொண்டிருப்போம். பதிலுக்கு அவை நம்மிடம் கேட்பது மூச்சுக்காற்று மட்டும். புளோயர் என்னும் இயந்திரம் காற்றை ஊதுகிறது. தொட்டியின் அடியில் வரிசையாகப் பதித்த ரப்பர் தட்டுகளின் நுண்ணிய துளைகள் வழியாக அந்தக் காற்று நீருக்குள் செல்கிறது. காற்று போதாமல் போனால் கிருமிகள் திணறும். முற்றிலும் நின்றால் செத்துப்போகும். மறுபடி வளர்த்தெடுக்க வாரக்கணக்காகும். அதுவரை ஊரின் கழிவு வந்த கோலத்திலேயே வாய்க்காலில் இறங்கும். இதற்கு மேல் தொழில்நுட்பம் உங்களுக்கு வேண்டாம். எனக்கும் தெரியாது.

நான் சேர்ந்தபோது மூன்று புளோயர்கள் இருந்தன. ஒன்று ஓடியது. ஒன்று படுத்துக் கிடந்தது. மூன்றாவது, முதலாவதற்கு உதிரிப்பாகம் கொடுத்துக் கொடுத்தே எலும்புக்கூடாகியிருந்தது. ரப்பர் தட்டுகள் திறப்பு விழா நாளில் போட்டவை. அந்த விழாவுக்கான கல்வெட்டு வாசலில் இருக்கிறது. பதினேழு பேருடைய பெயர்கள் அதில் உண்டு. ரப்பர் தட்டு மாற்றியதற்கு எங்கும் கல்வெட்டு வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. புதிய நிலையம் கட்டுவதற்குப் பணம் கேட்டால் கோப்பு நகரும். அதற்கு ரிப்பன் வெட்டலாம். பழையதைப் பழுதுபார்க்கக் கேட்டால், 'இருப்பதை வைத்துச் சமாளிக்கவும்' என்று திரும்பி வரும். எங்கள் விண்ணப்பம் அப்படி மூன்று முறை போய் மூன்று முறை வந்திருந்தது.

அந்த ஒரே புளோயரை ஓட்டியவரை அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறேன். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். புதூர்ப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயது, இயந்திரத்தின் சத்தத்தைக் கொண்டே அதற்குத் தலைவலியா வயிற்றுவலியா என்று சொல்லிவிடுவார். அவரிடம் ஒரேயொரு பலவீனம் உண்டு. வெளியாள் வந்து பார்க்கும் நேரத்தில் அவருடைய இயந்திரம் நோயாளியாக இருக்கக் கூடாது. எங்களுக்கு மேலே இருந்தவர் உதவிப் பொறியாளர், எல்லோருக்கும் ஏ.இ. சார். தங்கமான மனிதர். கையெழுத்துப் போடுவதை மட்டும் இரத்ததானம் செய்வதுபோலச் செய்வார்.

சென்ற ஆண்டு பங்குனியில் ஒரு நாள் காலை மண்டல அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பராமரிப்புக்கென்று கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் ஒன்றுக்கு மட்டும் தரலாம். நிலையத்தின் நிலையை ஒரு பக்கத்தில் எழுதி, ஒரு நிமிட வீடியோவுடன் மாலை நான்கு மணிக்குள் அனுப்பவும்.

"ஒரு பக்கந்தான் கேட்டிருக்காவ" என்றார் ஏ.இ. சார். "நீங்கதான் தமிழ் படிக்கீங்கல்லா. நெஞ்சைத் தொடுத மாதிரி எழுதுங்க."

நெஞ்சைத் தொடும்படி எழுதச் சொல்லி என்னிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. பின்னக் கணக்கைப் போல உள்ளத்தையும் சுருக்கி வைத்திருப்பவள் என்று கல்லூரியில் எனக்குப் பெயர். ஆகையால் மிகுந்த கவனத்துடன் எழுதினேன். முதுமையிலும் ஓயாது உழைக்கும் ஓர் இயந்திரம் உதவிக்குத் தகுதியானது என்பது என் வாதம். அதை நிறுவ, தொட்டியை வருணித்தேன்: 'பரப்பு முழுவதும் உலைநீர்போலக் கொதித்துப் பொங்குகிறது; குடத்தளவு குமிழ்கள் இடைவிடாது எழுந்து, வெண்ணுரை சிதற வெடிக்கின்றன.' ஒரு சொல் மிகையில்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன்.

அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "இன்னொரு தடவ வாசிங்க" என்றார்.

வாசித்தேன்.

"அந்தக் குடத்தளவு குமிழ்னு வருதுல்லா, அந்த இடம் நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வீடியோ எடுக்க நான் போனபோது புளோயர் குளித்து முடித்திருந்தது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. பேரிங்குக்கு எண்ணெய் போட்டு அலறல் தணிக்கப்பட்டிருந்தது. அண்ணாச்சி இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். போதாக்குறைக்கு, தொட்டியின் பின்பக்கத்துக்குப் போகும் வால்வை மூடி, கேமரா பார்க்கும் பக்கத்துக்கு எல்லாக் காற்றையும் திருப்பிவிட்டிருந்தார். அந்தப் பக்கம் பானைகளை அடுக்கிக் கவிழ்த்ததுபோலப் பொங்கியது.

"அண்ணாச்சி, இது பழுதுக்குப் பணம் கேக்குற வீடியோ" என்றேன்.

"அதுக்காவ? பொண்ணு பாக்க வாரவங்க முன்னால அழுக்குச் சேலையோடவா நிப்பாட்டுவீக?"

பதில் ஐந்து மணிக்கு வந்தது. மூன்று கட்டைவிரல்கள். கீழே, 'மிக நன்று. சிறப்பான காற்றோட்டம். மற்ற ஊர்களுக்கு எடுத்துக்காட்டு.' எங்கள் வீடியோ எல்லா ஊர்களின் குழுவுக்கும் அனுப்பப்பட்டிருந்தது. அலுவலகமே மகிழ்ந்தது. ஏ.இ. சார் தம் கையால் டீயும் சேவும் வாங்கிக் கொடுத்தார். சேவு தீரும் தருவாயில்தான் அவர் மெல்லக் கேட்டார்: "அப்ப ரூவா?"

பணம் பக்கத்து ஊருக்குப் போகவிருந்தது. அவர்கள் அனுப்பிய வீடியோவில் தொட்டி அசைவின்றி, ஆடை கட்டிய பால்போலக் கிடந்ததாம். பார்க்கவே பரிதாபமாக இருந்ததாம்.

இரண்டு வாரம் கழிந்தது. நம் நிலையத்தின் வேலிக்கு அப்பால் வேலம்மாள் சித்தி மாட்டுக்குப் புல் போட்டிருக்கிறார். வாய்க்கால் நீரை நம்பி மானாவாரிக் காட்டில் பச்சையாக நிற்பது அந்தப் புல் மட்டுந்தான். ஒரு காலை அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஏட்டி கம்ப்யூட்டரு! இங்கன வா. என்ன தண்ணி விடுதிய? முட்டை அழுகுன நாத்தம் நாறுது. புல்லு நுனியெல்லாம் கருகுது. இதை நம்பித்தான் எனக்கு நாலு மாடு நிக்கி. இன்னும் பத்து நாள் பாப்பேன். அப்புறம் சந்தைக்குத்தான் ஓட்டணும்."

"காத்து நல்லாத்தான் போகுது சித்தி. வேணும்னா வந்து பாருங்க, எப்படிக் கொதிக்குதுன்னு."

"கொதிக்கிதத வச்சு நான் என்ன சோறா வடிக்கப் போறேன்?"

பின்னால் நின்ற அண்ணாச்சி பிடரியைச் சொறிந்தார்.

"கொதிக்கக் கூடாதும்மா" என்றார் மெதுவாக.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ரப்பர் தட்டு நல்லாருந்தா மாவு சலிச்ச மாதிரி பொடிப்பொடியாக் குமிழ் வரும். மேல ஒண்ணுமே தெரியாது. கிழிஞ்சிட்டுன்னா காத்து மொத்தமாச் சேந்து மேல ஓடியாந்து வெடிச்சிட்டுப் போயிரும். பாக்கிறவனுக்கு வேடிக்கை, கிருமிக்குப் பட்டினி."

"அப்ப நான் எழுதினது?"

"அது பூராம் கிழிசல்தாம்மா."

"பக்கத்து ஊர்த் தொட்டி?"

"அது நல்லாருக்கு. போன வருசந்தான் தட்டு மாத்துனாவ."

"இதை அன்னைக்கே ஏன் அண்ணாச்சி சொல்லல?"

அவர் புளோயர் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க வாசிச்சீங்கல்லா. கேக்கையில எனக்கே ஒரு மாதிரி பெருமையா இருந்துச்சு. குறுக்கப் பேச மனசு வரல."

இந்த இடத்தில் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க வேண்டும். மோசமாக எழுதிய குறிப்பென்றால் யாராவது தடுத்துக் கேள்வி கேட்டிருப்பார்கள். நன்றாக எழுதிய குறிப்பு, உண்மை தெரிந்தவரையும் வாயடைக்க வைத்துவிட்டது. நான் கண்டதை எழுதினேன். கண்டது என்ன என்று கேட்டு எழுதவில்லை. நோயாளியின் முகம் சிவந்திருப்பதைப் பார்த்து நல்ல நிறம் என்று பாராட்டி எழுதியவள் நான்.

ஏ.இ. சாரிடம் போனோம். அவர் முகம் அன்றைய வாய்க்கால் நீரின் நிறத்துக்கு வந்தது.

"எடுத்துக்காட்டுன்னு அம்மாவே சொல்லிட்டாவ. இப்பப் போயி கிழிசல்னு சொன்னா, அவியளுக்குப் பாக்கத் தெரியலன்னு நாம சொன்ன மாதிரி ஆகாதா?"

அம்மா என்றது மண்டல அலுவலகத்தில் பணத்தை ஒதுக்கும் அதிகாரியை. அவர் கோபக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். யாரும் அவருடைய கோபத்தைப் பார்த்ததில்லை, பார்க்கும்படி யாரும் உண்மையைச் சொன்னதில்லை என்பதால்.

"எழுதினது நான்தான் சார். என் பேர்லயே அனுப்புறேன்" என்றேன்.

"உங்க ஒப்பந்தம் வைகாசியோட முடியுது, தெரியும்லா?"

தெரியும். அன்று பகல் முழுவதும் அந்தக் கடிதத்தை எழுதினேன். எழுதியது கொஞ்ச நேரம். உவமைகளை எடுத்துப் போட்டதுதான் நெடுநேரம். கடைசியில் ஐந்து வரி மிஞ்சியது: 'சென்ற மாதம் நான் எழுதிய குறிப்பு தவறானது. தொட்டி கொதிப்பது, ரப்பர் தட்டுகள் கிழிந்ததால். ஓடுவது ஒரே புளோயர். அதுவும் நின்றால் வாய்க்கால் நீரை நம்பியவர்களுக்கு வேறு நீர் இல்லை. பணம் ஒதுக்குமுன் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டுகிறேன்.' இம்முறை அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டியபோது அவர் கண்ணை மூடவில்லை. "என்ன இது, கறிவேப்பிலை போடாத குழம்பு மாதிரி இருக்கு" என்றார். சரியாக வந்திருக்கிறது என்று அறிந்துகொண்டேன்.

பதிலில் கட்டைவிரல் எதுவும் இல்லை. 'வியாழன் காலை பதினொன்று.'

அண்ணாச்சியிடம் மூன்று வாக்குறுதிகள் வாங்கினேன். புளோயரைக் குளிப்பாட்டக் கூடாது. சந்தனம் கூடாது. வால்வைத் தொடக் கூடாது. விரதம் இருக்கச் சொன்னதுபோல ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். வியாழன் காலை நான் போனபோது இயந்திரம் புழுதியோடும் எண்ணெய்க் கசிவோடும் நின்றது. அண்ணாச்சி கறை படிந்த சட்டையில் இருந்தார். அவர் முகத்தில் மட்டும் அந்தச் சூழ்நிலைக்குப் பொருந்தாத ஓர் அமைதி இருந்தது. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அதிகாரி பக்கத்து ஊரைப் பார்த்துவிட்டு நேராக வந்தார். ஐம்பது வயதிருக்கும், தோளில் ஒரு பை, அதற்குள் நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் சொந்த மீட்டர். யாரிடமும் பேசாமல் இரும்புப் படியேறி, எல்லா விருந்தினரும் நிற்கும் அந்த மேடையில் நின்று கீழே பார்த்தார்.

நானும் பார்த்தேன். தொட்டி முழுவதும் பொங்கிக்கொண்டிருந்தது, மேடைக்கு நேர்கீழே தவிர. அங்கே மட்டும் இரண்டு பாய் விரிக்கும் அளவுக்கு நீர் அமைதியாக, வெளுப்பாகக் கிடந்தது.

"அங்க நல்லாக் கொதிக்குது" என்றார் அவர். "இந்த இடந்தான் செத்துக் கிடக்கு. இதுதான் நீங்க சொன்ன பழுதா?"

ஏ.இ. சார் என்னைப் பார்த்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சியின் முகத்தில் இருந்த அமைதி போய்விட்டது.

"செத்துக் கிடக்கா?" என்றார். "அம்மா, மன்னிக்கணும். இந்தத் தொட்டியிலேயே உருப்படியா இருக்கது இந்த ஒரு இடந்தான். மத்தது பூராம் போச்சு! தொறந்த அன்னைக்குப் போட்ட ரப்பரு, நார் நாராக் கிழிஞ்சு கிடக்கு. அந்தாக் கொதிக்குது பாருங்க, அதுதான் பிணம். அதைப் போயி நல்லாருக்குங்கீங்க, நல்லா இருக்கிததச் செத்துட்டுங்கீங்க!"

ஏ.இ. சார் கண்களை மூடிக்கொண்டார்.

"இந்த இடம் மட்டும் எப்படி நல்லா இருக்கு?" என்று கேட்டார் அதிகாரி.

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். மேடைக்குக் கீழே உள்ள குழாயை மட்டும் சங்கிலி போட்டு மேலே தூக்க முடியும். அவர் அலமாரிக்குள், பல ஆண்டுகளாக யாருக்கும் சொல்லாமல், ஆறு புதிய ரப்பர் தட்டுகளை ஒளித்து வைத்திருந்தார். விடிந்தும் விடியாமலும் வந்து, குழாயைத் தூக்கி, ஆறையும் மாட்டி இறக்கியிருக்கிறார். குளிப்பாட்டவில்லை, சந்தனம் வைக்கவில்லை, வால்வைத் தொடவில்லை. கொடுத்த வாக்கு மூன்றையும் காப்பாற்றியிருந்தார்.

"பழுதைப் பாக்க வாங்கன்னு என்னைக் கூப்பிட்டுட்டு, பழுதைச் சரிபண்ணி வச்சிருக்கீங்க" என்றார் அதிகாரி.

"நீங்க நிக்கிற இடம் மட்டுந்தாம்மா."

அவர் பையைத் திறந்து மீட்டரை எடுத்தார். மேடையின் கீழே அமைதியான நீரில் இறக்கினார். எண் இரண்டைத் தாண்டி நின்றது; கிருமிகளுக்கு அது போதும். கம்பிப் பாலத்தில் நடந்து, கொதிக்கும் இடத்தில் இறக்கினார். எண் பூஜ்யத்தை ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. திரும்ப வந்தார். மீண்டும் போனார். மூன்று முறை நடந்தபின் மீட்டரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"பக்கத்து ஊர்லயும் இப்படித்தான் அசையாமக் கிடந்துச்சு. அளந்தா நல்லா வந்துச்சு. மீட்டர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு, வழி முழுக்க மீட்டர் கம்பெனிக்காரரை போன்ல திட்டிட்டே வந்தேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "முதல் குறிப்பும் நீங்க எழுதினதுதானா?"

"ஆமாம் மேடம்."

"அதை ரசிச்சுத்தான் படிச்சேன். இனிமே என்னை ரசிக்க வைக்காதீங்க."

அவர் சொன்னது அவ்வளவே. என்னை யாரும் எதுவும் செய்யவில்லை; ஒப்பந்தம் ஓராண்டு நீண்டது. ரப்பர் தட்டுகளுக்கான உத்தரவு இருபது நாளில் வந்தது. புளோயருக்கு வரவில்லை.

இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம் சொல்வது என்பதில் எனக்கு இன்னும் தடுமாற்றம் உண்டு. அண்ணாச்சி என் சொல்லை முழுமனதோடு கேட்டிருந்தால் தொட்டி முழுக்கக் கொதித்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடம் ஒன்று இருந்திருக்காது. அதிகாரியும் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டிருப்பார். சொன்னதைக் கேட்காதீர்கள் என்று புதியவர்களுக்கு எழுதவும் முடியாது. ஆகவே இப்படிச் சொல்கிறேன்: பழுதுக்குப் பணம் கேட்கும்போது, பழுதை மட்டும் காட்டினால் போதாது, அதன் பக்கத்திலேயே, பழுதில்லாத நிலை எப்படி இருக்கும் என்பதையும் காட்டுங்கள். பணம் தருகிறவர்கள் நல்ல தொட்டியைப் பார்த்திருப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். இன்னொன்று: எதைப் பற்றி எழுதினாலும், எழுதுமுன் அண்ணாச்சியிடம் போய், 'இது நல்லதா கெட்டதா' என்று ஒரே கேள்வி கேளுங்கள். எழுதி முடித்தபின் கேட்டால் சொல்ல மாட்டார்.

இரண்டாவது புளோயர் இன்னும் படுத்துத்தான் கிடக்கிறது. அதற்கான விண்ணப்பத்தை இனி நீங்கள்தான் எழுத வேண்டும்.

புதிய தட்டுகளைப் போட்டபின் நாற்றம் மூன்று வாரத்தில் அடங்கியது. வேலம்மாள் சித்தியின் மாடுகள் சந்தைக்குப் போகவில்லை. இதற்காக அவர் எங்களுக்கு நன்றி சொல்லவும் இல்லை. ஆனால் என் மனத்தில் நிற்பது, வேலை முடிந்து புளோயரைப் போட்ட அந்தக் காலை. தொட்டியைச் சுற்றி எல்லோரும் நின்றோம். அண்ணாச்சி பொத்தானை அழுத்தினார். இயந்திரம் உறுமியது. நாங்கள் நீரையே பார்த்தோம். ஒரு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று. ஒரு குமிழ்கூட எழவில்லை. நீர் இலேசாக வெளுத்தது, அவ்வளவுதான்.

ஏ.இ. சாரின் நெற்றி வியர்த்தது. "அண்ணாச்சி, ஓடுதா?"

"ஓடுது சார்."

"ஒண்ணுமே தெரியலையே."

"ஒண்ணும் தெரியாம இருக்கத்தானே சார் ரூவா கேட்டோம்."